எக்கோ திரையில் தரையோடு ஒட்டி வரும் சிவப்பு மேடு: பாரா, மீனா? (18 பாகம், உவரி – கூத்தங்குழி)

தெற்குவாடை:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எக்கோ (தண்ணிக்குள்ள ஒலி அனுப்பி ஆழமும் மீனும் காட்டுற பெட்டி) திரை படிக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

இடம் உவரிக்கும் கூத்தங்குழிக்கும் நேர் விலங்க (ஆழ்கடல் பக்கமா), 17 பாகத்துலேருந்து 19 பாகம் வரை (ஒரு பாகம் ஆறடி). கைத்தூண்டில், விளமீனும் கலவாவும்தான் குறி. வல்லம் 28 அடி ஃபைபர், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. எக்கோ 7 அங்குலக் கலர் திரை, 600 வாட், 50 கிலோஹெர்ட்ஸும் 200-ம் உண்டு. சென்சார் பக்கவாட்டுக் குழாயில கட்டியிருக்கு. கெயின் (எதிரொலியைப் பெருக்குற அளவு), ரேஞ்ச் (திரை காட்டுற ஆழம்) எல்லாம் ஆட்டோ. ரேஞ்ச் 0–40 பாகத்துல நிக்குது. எக்கோவை ஓட்டுறது பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ்ல.

முதல் சந்தேகம்தான் பெருசு. தரையோட ஒட்டி ஒன்றரைப் பாகம் உயரத்துக்குச் செவப்பா மேடு மேடா வருது. சிலதுல ஈயக்குண்டு மாட்டிக்கிடுது, அப்ப பார், அதாவது கடலடிக் கல்லுன்னு தெரியுது. சிலதுல குண்டு மாட்டவும் இல்ல, மீன் கடிக்கவும் இல்ல. ரெண்டும் திரையில ஒரே மாதிரிதான் இருக்கு.

அப்புறம், மீனுன்னா வில்லு மாதிரி வளைஞ்சு வரும்னு கூட வந்த புத்தகத்துல படம் போட்டிருக்கு. 200-ல வச்சா வில்லே வரல, சின்னச் சின்னக் கோடுதான். 7 பாகத்துக்கும் 9 பாகத்துக்கும் நடுவுல பகல் பூரா பச்சையா ஒரு மேகம் கெடக்கு. 18 பாகத்துல தரை காட்டுற நேரத்துலயே 36-ல இன்னொரு தரையும் மங்கலா தெரியுது. வேகம் கூட்டினா திரை முழுக்க மழை பேஞ்ச மாதிரி ஆயிருது. மீன் பொம்மை காட்டுற ஃபிஷ் ஐடியைப் போட்டா திரை பூரா மீனு, தூண்டில்ல ஒண்ணுமில்ல.

பாகக்கயிறு:

தம்பி, முதல்ல ஃபிஷ் ஐடியை அணைச்சுப் போடுங்க. திரும்ப வர்ற எதிரொலியில ஒரு அளவுக்கு மேல பலமா, தரையை விட்டுப் பிரிஞ்சு நிக்கிற எதையும் அந்தப் பெட்டி மீன் பொம்மையா மாத்திரும். சொறி (ஜெல்லிமீன்), காத்துக்குமிழி, உங்க ஈயக்குண்டு எல்லாமே அதுக்கு மீன்தான். அதைவிட மோசம், தரையோட ஒட்டி நிக்கிற கலவாவைத் தரைன்னு நெனச்சு பொம்மையே போடாம விட்டுரும். நீங்க தேடுற மீனுக்கு அது உதவவே உதவாது.

அடுத்தது திரையைப் பத்தின அடிப்படை. இது கடலுக்கு அடியில எடுத்த போட்டோ கிடையாது. வலது ஓரத்துல இருக்கிற ஒரு கோடு மட்டும்தான் இப்ப வல்லத்துக்கு அடியில இருக்கிறது. அதுக்கு இடது பக்கம் இருக்கிறது அத்தனையும் நேரம் கழிஞ்சுபோன பழைய கோடுகள். வல்லம் நங்கூரத்துல நிக்கும்போது அடியில ஒத்தை மீன் அசையாம நின்னா, திரையில பத்து நிமிஷத்துக்கு நீளமா ஒரு கோடு ஓடும். அதைப் பெரிய கூட்டம்னு நெனச்சா ஏமாந்துபோவோம். நீளம் நேரத்தைக் காட்டுது, மீனோட அளவைக் காட்டல.

இப்ப சிவப்பு மேடு. 50-ல ஓட்டுறீங்க, அதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். உங்க மாதிரி 600 வாட் சென்சார்ல 50-க்கு ஒலி விரியிற கோணம் ஏறக்குறைய 45 டிகிரி, 200-க்கு 12 டிகிரி. 18 பாகம்னா 33 மீட்டர். அந்த ஆழத்துல 50-ஓட வட்டம் 27 மீட்டர் விட்டம். உங்க வல்லம் மாதிரி மூணு வல்லத்தை நீளவாக்குல நிறுத்தலாம். 200-ஓட வட்டம் 7 மீட்டர், ஒரு வல்லத்து நீளம் கூட இல்ல. 50-ல வர்ற மேடு வல்லத்துக்கு நேர் கீழதான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. பத்து மீட்டர் தள்ளிக் கெடக்கிற பாரும் அதே கோட்டுலதான் விழும். நீங்க அதுக்கு நேரா தூண்டில் போட்டதா நெனச்சிருப்பீங்க, தூண்டில் வெறும் மணல்ல கெடந்திருக்கும்.

பாரா மீனான்னு பிரிக்க வரிசையா இதைச் செய்யுங்க.

கெயினை ஆட்டோவுலேருந்து கைக்கு மாத்துங்க. மேடு தெரியும்போது கெயினைப் படிப்படியா குறைச்சுக்கிட்டே வாங்க. மீன்கூட்டம்னா முதல்ல மஞ்சள், அப்புறம் பச்சை, அப்புறம் துண்டு துண்டாப் பிரியும். அடியில தரைக்கோடு மட்டும் அசையாம செவப்பா நிக்கும். பார்னா தரையும் மேடும் ஒரே வேகத்துல மங்கும், நடுவுல வெடிப்பு விழாது.

ரெண்டாவது சோதனை நீங்களே கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்க, அந்த 36 பாகத்துத் தரை. அது பொய்த்தரை. ஒலி தரையில மோதி மேல வந்து, வல்லத்து அடியிலயும் நீர்மட்டத்துலயும் மோதித் திரும்பக் கீழ போயி, இன்னொரு தரம் வருது. அதனாலதான் சரியா ரெண்டு மடங்கு ஆழத்துல விழுது. அதைப் பாத்து பயப்பட வேண்டாம், அது நமக்கு வேலைக்காரன். தரை கெட்டியா இருந்தா அந்த ரெண்டாவது தரை பளிச்சுன்னு வரும். சேறுன்னா ஒலியை உறிஞ்சிரும், ரெண்டாவது தரை மங்கலா வரும், இல்லைன்னா வரவே வராது. மேட்டுக்கு நேர் கீழ 36-ஐப் பாருங்க. மேடு கல்லா இருந்தா ரெண்டாவது தரையிலயும் மேடு தூக்கும், அதுவும் ரெண்டு மடங்கு உயரத்துக்கு. மேல ஒரு பாகம்னா கீழ ரெண்டு பாகம். மீன்கூட்டத்துக்கு அந்த மாதிரி வராது. இதைப் பாக்கணும்னா ரேஞ்ச் எப்பவும் ஆழத்துல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கணும், உங்க 40 அதுக்குச் சரியா இருக்கு.

மூணாவது, மெனுவில ஒயிட் லைன்னு ஒண்ணு இருக்கும். தரையோட பலமான மேல்விளிம்புக்குக் கீழ வெள்ளைப் பட்டை போட்டுரும். மீன் அந்தப் பட்டைக்கு மேல கலரா ஒட்டி நிக்கும், பார்னா பட்டையும் சேர்ந்து மேல ஏறும். நெருக்கமான கூட்டம் சில நேரம் இதையும் ஏமாத்தும். அப்ப கெயினைக் குறைச்சுப் பாக்கணும்.

நாலாவது, ஒரு புள்ளியைக் குறிச்சு வச்சு அதையே தெற்கிலிருந்து ஒரு தரம், மேற்கிலிருந்து ஒரு தரம் கடந்து போங்க. கல்லு எங்கயும் போகாது.

ஓடாவி:

பாகக்கயிறு அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. ஆனா அந்த மழை நிக்காம மத்தது எதுவும் தெளிவா தெரியாதுடே தம்பி. மழை சென்சார் கட்டுன விதத்துலதான் இருக்கு.

நம்ம கரையில வல்லத்தை மணல்ல இழுத்து ஏத்துதோம். அதனால பின்பலகையில நிரந்தரமா அடிச்சா ஒரே வாரத்துல சென்சார் ஒடைஞ்சிரும். பக்கவாட்டுக் குழாய் சரியான யோசனைதான். குழாய் எப்படி இருக்குன்னு பாரும்:

சென்சாரோட முகம் வல்லத்து அடிமட்டத்துக்குக் கீழ ஒரு சாண் இறங்கி இருக்கணும். வல்லத்துப் பக்கத்துலயே முகம் நின்னா, முன்னால வெட்டுப்படுற தண்ணியில வர்ற குமிழியெல்லாம் அதுக்கு அடியிலதான் போகும். குமிழி ஒலிக்குச் செவுரு மாதிரி. மழை அதுதான்.

இன்ஜின் விசிறியிலேருந்து (புரொப்பல்லர்) முன்னுக்கு ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். பின்னாலேருந்து பாக்கும்போது விசிறி கடிகாரச் சுத்துல சுத்துனா வலது பக்கம் நல்லது. அந்தப் பக்கம் இதழ் கீழ்நோக்கி இறங்குது, குமிழியை மேல தள்ளாது.

ஓட்டத்துல குழாய் பின்னால சாயுதா? 10 டிகிரி சாஞ்சாலே 200-ஓட வட்டம் 18 பாகத்துல 6 மீட்டர் தள்ளிப்போவும். சும்மா கயிறு கட்டி வச்சா சாயத்தான் செய்யும். குழாய்க்கு மேல ஒரு கீல் வச்சு, கீழேருந்து முன்னுக்கு ஒரு இழுகயிறு கட்டும். கல்லுல தட்டுனா கயிறு அறுந்து குழாய் மேல எந்திரிக்கணும், அதுக்கு நடுவுல ஒரு மெல்லிய தூண்டில் நரம்பு போடும். குழாய் விறைப்பா நிக்கணும், ஆனா அடிபட்டா விட்டுக்கொடுக்கணும்.

புதுச் சென்சார்னா முகத்தைப் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில கையால தேய்ச்சுக் கழுவும். எண்ணெய்ப் பசை இருந்தா தண்ணி ஒட்டாம மெல்லிசா காத்துப் படலம் நின்னுக்கிடும். கரையில சென்சார் காத்துல இருக்கையில எக்கோவை ஓட விட்டு விளையாடாதீரும், சூடேறிக் கெட்டுப்போவும்.

வல்லத்துக்கு உள்ளேயே ஒட்டலாமான்னு அடுத்துக் கேப்பீரு. ஒட்டலாம், ஆனா ஒட்டுற எடத்துல ஃபைபர் ஒரே கட்டியா இருக்கணும். நடுவுல பலகையோ ஃபோமோ வச்சு ரெண்டு தோலாச் செஞ்ச வல்லம்னா ஒலி கீழ போகாது. ஒட்டுறதுக்கு முன்ன ஒரு பாலிதீன் பையில தண்ணி கட்டி, அதை அடித்தளத்துல வச்சு, அது மேல சென்சாரை அழுத்திப் பாரும். கடல்ல 18 பாகத்துல தரை தெளிவா வந்தா அந்த எடம் சரி. வரலைன்னா ஒரு சாண் தள்ளிப் பாரும். எடம் முடிவான பிறகு ஈப்பாக்ஸி ஊத்தி, சென்சாரைச் சுத்திச் சுத்தித் திருப்பி உக்கார வைக்கணும். பசையில குமிழி நின்னா எல்லாம் வீண். சிலிக்கான் வேண்டாம். எப்படி ஒட்டினாலும் பலம் கொஞ்சம் குறையும், அதுலயும் 200 கூடுதலாக் குறையும். கைத்தூண்டிலுக்கு 200 முக்கியம்னா குழாயே மேல்.

கச்சான்காத்து:

வில்லைப் பத்தி யாரும் சொல்லல. புத்தகத்தில் இருக்கும் படம் பொய் இல்லை, ஆனால் உங்கள் திரையில் அது வர வாய்ப்பே இல்லை. கணக்குப் போட்டால் தெரியும்.

மீன் ஒலிக்கூம்பின் ஓரத்தில் நுழையும்போது சென்சாரிலிருந்து கொஞ்சம் தூரம் கூட, நேர் கீழே வரும்போது தூரம் குறைவு, மறு ஓரத்தில் திரும்பக் கூட. அந்த ஏற்ற இறக்கம்தான் வில். 200-இல் 30 மீட்டரில் நிற்கும் மீனுக்கு ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 16 சென்டிமீட்டர். உங்கள் திரை 480 புள்ளி (பிக்சல்) உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 பாகம், அதாவது 73 மீட்டரை அடைத்தால் ஒரு புள்ளிக்கு 15 சென்டிமீட்டர். வில்லின் உயரம் மொத்தமே ஒரு புள்ளி. அதைத்தான் சின்னக் கோடு என்கிறீர்கள். அந்தக் கோடுகள் மீனாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு!

திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பாட்டம் லாக் போடுங்கள். தரையிலிருந்து மேலே 5 பாகம் மட்டும் காட்டட்டும். அப்போது ஒரு புள்ளிக்கு 2 சென்டிமீட்டர்தான், அதே மீன் 8, 9 புள்ளி உயரத்தில் வளைந்து வரும். அதுவும் வல்லம் நகர்ந்துகொண்டிருந்தால் மட்டும். 4 நாட் (மணிக்கு 4 கடல்மைல்) வேகத்தில் போனால் 7 மீட்டர் வட்டத்தைக் கடக்க மூன்றரை விநாடி. நீவாட்டில் (கடல் நீரோட்டம்) அரை நாட் வேகத்தில் மிதந்தால் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே. மிதக்கும்போது வில் இழுபட்டுக் கோடாகிவிடும். நங்கூரத்தில் வில்லை எதிர்பார்ப்பதே தப்பு.

50-இல் அதே மீனுக்கு ஓர வித்தியாசம் இரண்டரை மீட்டர், ஆகவே 50-இல் வில் பெரிதாக வரும். பெரிய வில் என்பதால் பெரிய மீன் என்று அர்த்தமில்லை. கூம்பு அகலம், அவ்வளவுதான். மீனின் அளவை வில்லின் கோட்டுத் தடிமனில் பாருங்கள், நீளத்தில் பார்க்காதீர்கள். அதுவும் ஒரே கெயினில், ஒரே ஆழத்தில் வரும் இரண்டு வில்லை ஒப்பிடும்போது மட்டும்தான் செல்லும்.

பாகக்கயிறு அண்ணாச்சியோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 50-ஐக் குழப்பக்காரன் என்று ஒதுக்க வேண்டாம். பாரைத் தேடி ஓடும்போது அகலக் கூம்புதான் வேண்டும். 7 மீட்டர் வட்டத்தை வைத்துக்கொண்டு கடலைச் சல்லடை போட முடியாது. 50-இல் தேடுங்கள், 200-இல் உறுதி செய்யுங்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: தரையோடு ஒட்டிய மீனை 50 மறைத்துவிடும். கூம்பின் ஓரத்தில் தரையை ஒட்டி நிற்கும் கலவா சென்சாரிலிருந்து கிட்டத்தட்ட 35.7 மீட்டர். நேர் கீழே இருக்கும் தரை 33 மீட்டர். தரையின் எதிரொலி முந்திக்கொண்டு வந்து திரையில் சிவப்பு பூசிவிடும், மீன் அதற்கு உள்ளே புதைந்துபோகும். 18 பாகத்தில் ஓரத்தில் ஒன்றரைப் பாக உயரம் வரை குருட்டு இடம். 200-இல் அதே கணக்கு 18 சென்டிமீட்டர்தான். பாரின் சரிவிலும் இடுக்கிலும் 200-க்குமே குருட்டு இடம் உண்டு, கல்லின் உச்சிக்குக் கீழே இருக்கும் எதுவும் தெரியாது. கலவா அங்கேதான் கிடக்கும் என்பது தனிக்கதை.

ஒலித்துடிப்பின் நீளமும் சேர்ந்து கெடுக்கும். துடிப்பு 1 மில்லி விநாடி என்றால், 75 சென்டிமீட்டருக்குள் மேலும் கீழும் நிற்கும் இரண்டு பொருள் ஒன்றாகிவிடும். ஆட்டோவில் ரேஞ்ச் கூடக் கூடப் பெட்டி துடிப்பையும் நீளமாக்கும். கையால் மாற்ற முடிந்தால் குட்டைத் துடிப்பை வையுங்கள்.

பச்சை மேகம்: இரண்டு அலைவரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். 200-இல் அடர்த்தியாகவும் 50-இல் மங்கலாகவும் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டமும் குஞ்சு குறுவைகளும்தான். இரண்டிலும் பலமாக, விளிம்பு வெட்டினாற்போல், உருண்டை உருண்டையாக இருந்தால் சாளை, காரல் மாதிரி சிறுமீன் கூட்டம். ஒரே மட்டத்தில் மைல் கணக்கில் பாய் விரித்தாற்போல் கிடந்தால், மேல்சூட்டுத் தண்ணீரும் கீழ்க்குளிர் தண்ணீரும் சேரும் மட்டம். நுண்ணுயிர் அந்த மட்டத்தில்தான் தங்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில் குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறும்போது அந்த மட்டம் மேலே வரும், கோடும் தெளிவாகும். பொழுது சாயும்போது மேகம் மேலே ஏறினால் நுண்ணுயிராக இருக்க வாய்ப்பு அதிகம். எக்கோ காட்டும் வெப்ப அளவு நீர்மட்டத்துக்கு மட்டும்தான், அதை வைத்து 8 பாகத்தைக் கணிக்க முடியாது.

மேகத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று கெயினைக் குறைத்து வைத்துவிட்டுத் தரையில் மீன் தேடாதீர்கள். நிறையப் பேர் செய்யும் தவறு இது.

தெற்குவாடை:

அண்ணாச்சிமாரே, சொன்னபடி செஞ்சு பாத்தேன். குழாயை ஒரு சாண் இறக்கி, முன்னுக்கு இழுகயிறு கட்டினதும் மழை முக்கால்வாசி நின்னுட்டு. மூணு மேட்டுல ஒண்ணு 36-லயும் தூக்கிக் காட்டிச்சு, பார்தான். ஒண்ணு கெயின் குறைச்சதும் துண்டுதுண்டா பிரிஞ்சிட்டு. மூணாவது வேற மாதிரி: முள்ளு முள்ளா நாலஞ்சு குத்து, ஒவ்வொண்ணும் அரைப் பாகம் உயரம், நடுவுல சமமான தரை.

இப்ப பிரச்சனை, குறிச்ச புள்ளிக்குத் திரும்பப் போனா பார் அங்க இல்ல. தள்ளிக் கெடக்கு. நங்கூரம் போட்டா இன்னும் தள்ளிப்போவுது. மழை நின்ன பிறகும் திரையில சாய்வா புள்ளிக்கோடு வருது, அது என்ன?

பாகக்கயிறு:

முள்ளு முள்ளா சம இடைவெளியில வர்றது செயற்கைப் பாரா இருக்கலாம். நம்ம கரையோரம் மீன் ஒதுங்க சிமெண்ட் முக்கோணம், கிணத்து உறை மாதிரி உருவங்களைக் கடல்ல இறக்கியிருக்காங்க. இயற்கைப் பார் சரிவா ஏறி இறங்கும், சிமெண்ட் செங்குத்தா ஏறும். அங்க நங்கூரம் போடாதீங்க, மாட்டினா திரும்ப வராது. மிதந்துகிட்டே தூண்டில் போடுங்க.

புள்ளி தள்ளிப்போறதுக்கு மூணு காரணம். மேட்டைக் கண்ணால பாத்து, அடையாளம் கண்டு, பொத்தானை அமுக்க நாலு விநாடி ஆயிரும். 5 நாட்டுல வல்லம் விநாடிக்கு இரண்டரை மீட்டர் போகும். பொத்தான் அமுக்கையில 10 மீட்டர் தாண்டியாச்சு, அது 200-ஓட வட்டத்தை விடப் பெருசு. அதனால இப்ப இருக்கிற இடத்தைக் குறிக்காம, திரையில கர்சரை இடது பக்கம் நகர்த்தி மேட்டோட உச்சியில வச்சுக் குறிங்க. அநேகமா எல்லாக் கலர் எக்கோவிலயும் அந்த வசதி உண்டு. 50-ல மேடு, கல்லுக்கு நீங்க வர்றதுக்கு முன்னயே சரிவா ஏற ஆரம்பிக்கும். சரிவு கல்லு இல்ல, உச்சிதான் கல்லு. ஜிபிஎஸ் தானாவே ஐஞ்சு மீட்டர் அங்கிட்டு இங்கிட்டு போகும். அதான் கணியத்தை, அதாவது கரை அடையாளம் வச்சு இடம் பிடிக்கிறதை, கைவிட வேண்டாம்னு சொல்லுதேன். கூடங்குளம் அணுமின் கூண்டையும் பின்னால இருக்கிற மலையையும் ஒரு கோட்டுல பிடிங்க, உவரி கோயிலையும் கரையில ஒரு பனைக்கூட்டத்தையும் இன்னொரு கோட்டுல பிடிங்க. ரெண்டு கோடும் வெட்டுற இடமும் ஜிபிஎஸ் புள்ளியும் ஒண்ணா வந்தா நம்பலாம்.

நங்கூரம்: முதல்ல இன்ஜினை அணைச்சு, பாருக்கு மேல பத்து நிமிஷம் மிதக்க விடுங்க. ஜிபிஎஸ்-ல விழுற தடம்தான் நீவாடும் காத்தும் சேர்ந்து உங்களைத் தள்ளுற திசை. அதே கோட்டுல எதிர்ப்பக்கம் போங்க. 18 பாக ஆழத்துல 40 பாகம் கயிறு விட்டா, கயிறு நேரா இழுபட்டு நின்னா வல்லம் நங்கூரத்துலேருந்து ஏறக்குறைய 36 பாகம், அதாவது 65 மீட்டர் தள்ளி நிக்கும். அப்ப உச்சியிலேருந்து 65 மீட்டர் எதிர்நீவாட்டுல நங்கூரம் விழணும். கயிறு தொய்ஞ்சு நிக்கிறதால உண்மையில அஞ்சாறு மீட்டர் குறையும். வல்லம் உச்சிக்கு முன்னாலயே நின்னா கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுங்க. பாரோட நீவாடு வந்து மோதுற பக்கத்துலதான் விளமீன் அதிகம் நிக்கும், அதனால உச்சிக்குக் கொஞ்சம் முன்னால நிக்கிறது நல்லதுதான்; இரையும் நீவாட்டுல இழுபட்டுப் பாரை நோக்கிப் போகும்.

ஆழத்தைக் கயித்தால ஒரு தரம் அளந்து பாருங்க. எக்கோ பொதுவா ஒலி விநாடிக்கு 1500 மீட்டர் ஓடும்னு வச்சுக் கணக்குப் போடுது. நம்ம சூட்டுத் தண்ணியில 1540 வரை ஓடும். 33 மீட்டர் இருக்கிற இடத்துல 32 சொச்சம் காட்டும், அரைப் பாகம் குறைச்சல். இத்தோட சென்சார் தண்ணிக்குள்ள இருக்கிற ஆழம் வேற. குண்டோட அடியில கிரீஸோ சோப்போ அழுத்தி இறக்கினா மணலோ சிப்பியோ சேறோ ஒட்டிக்கிட்டு வரும். திரையில தெரியிற நிறத்துக்குப் பக்கத்துல அதைக் குறிச்சு வச்சா, ரெண்டு மாசத்துல உங்க கடலோட தரை வரைபடம் உங்க கையில.

மின்கலம்:

சாய்வான புள்ளிக்கோடு பக்கத்து வல்லத்து எக்கோ. அதே 50-லயோ 200-லயோ அவங்களும் ஓட்டுறாங்க. இன்டர்ஃபியரன்ஸ் ரிஜெக்ட்னு இருக்கும், முதல் நிலையில வைங்க, மூணாவது நிலைக்குப் போனா சின்ன மீனையும் அழிச்சிரும்.

வல்லம் தனியா இருக்கும்போதும் வந்தா மின்சாரக் குறை. இன்ஜினை அணைச்சுப் பாருங்க. புள்ளிக்கோடு நின்னா இன்ஜினோட தீப்பொறிதான் காரணம். நிக்கலைன்னா போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. எக்கோவுக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி வைக்கிறது நல்லது, கயிறு இழுத்து ஓட்டுற சின்ன இன்ஜின்ல சார்ஜிங் பெரும்பாலும் இருக்காது. உங்க அளவுத் திரை ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். 7 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அப்ப மூணரை மணி நேரம். முழு நாள் தொழிலுக்கு 18 ஆம்பியர்-அவராவது வேணும். பேட்டரி இறங்கினா திரை அணையிறதுக்கு முன்னயே ஒலியோட பலம் குறையும், மீன் இல்லைன்னு தோணும். பியூஸ் புத்தகத்துல போட்டிருக்கிற அளவுதான், பெருசு போடாதீங்க. சென்சார் கம்பியை இன்ஜின் கம்பியோட சேர்த்துக் கட்டாதீங்க, நீளமா இருக்குன்னு வெட்டவும் கூடாது.

கச்சான்காத்து:

ஒன்று விட்டுப்போச்சு. கெயின் சரியா என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீவாடு குறைந்த நேரத்தில் சென்சார் குழாய்க்குப் பக்கத்திலேயே 200 கிராம் குண்டை மெதுவாக இறக்குங்கள், 200-இல், குட்டை ரேஞ்சில். குண்டு இறங்குவது சாய்வான ஒரு கோடாகத் தெரிய வேண்டும். தெரியும் வரை கெயினைக் கூட்டுங்கள். இடையில் தண்ணீரெல்லாம் நீலப்புள்ளியாகத் தூவினால் ஒரு படி குறையுங்கள். தரைக்கு இரண்டு பாகம் மேலே வரை குண்டு தெரிந்தால், விளமீன் கட்டாயம் தெரியும். நீவாடு இழுத்தால் குண்டு 7 மீட்டர் வட்டத்தை விட்டு வெளியே போய்விடும், அது எக்கோவின் குற்றம் இல்லை.

இன்னொன்று, சீலாவுக்கு (வஞ்சிரம்) ஓட்டுத்தூண்டில், அதாவது ஓடும் வல்லத்தின் பின்னால் இழுக்கும் தூண்டில், போடும் நாளில் இந்தப் பாடம் பாதிதான் செல்லும். விளமீன், கலவா வயிற்றில் காற்றுப்பை இருக்கிறது, கூரல் மீனில் நெட்டி என்று எடுப்போமே, அதுதான். எதிரொலியில் பெரும்பங்கு அந்தக் காற்றில் இருந்துதான் வருகிறது. சீலாவுக்கும் சூரையில் பல வகைக்கும் அந்தப் பை இல்லை. கணவாய்க்கும் இல்லை. பத்துக் கிலோ சீலா கூடத் திரையில் மங்கலான கீற்றாகத்தான் வரும், வேகமாகக் கடந்தால் அதுவும் இல்லை. அதற்குச் சாளைக்கூட்டத்தைப் பாருங்கள். உருண்டை ஓரத்தில் பிய்த்தெடுத்தாற்போல் குழி விழுந்திருந்தாலோ, கூட்டம் திடீரென்று மேலே நெருங்கியிருந்தாலோ கீழே இருந்து ஏதோ துரத்துகிறது. அந்த மட்டத்துக்கு ஒரு பாகம் மேலே தூண்டில் ஓடட்டும்.